பூப்பாடையில் சிவப்புத் துலிப்

எனக்குக் கோபம் சட்டென்று வரும் என்று ஊரில் பேசிக்கொள்வார்கள். அது சுத்தப் பொய். கோபம் என்னிடம் எப்போதும் இருக்கிறது. அதை வாங்கிக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெரிய வியாழக்கிழமை சாயங்காலம் அந்த ஆள் என் வீட்டு முற்றத்திலேயே உட்கார்ந்திருந்தான், சிவப்புச் சாயம் ஏற்றிய முட்டைகளுக்கு எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கிக்கொண்டு. என் புருஷன் மனூசோஸ்.

பார்லரில் காலையிலிருந்து நின்று நின்று என் கால் இரண்டும் வீங்கியிருந்தன. பாஸ்கா என்கிற ஈஸ்டர் பண்டிகைக்கு முந்தின வியாழன் என்றால் எங்கள் ஊர்ப் பெண்கள் ஒருத்தி விடாமல் என் கடைக்கு வந்துவிடுவார்கள். வருஷம் முழுக்க முக்காடு போட்டுத் திரிகிறவளுக்கும் அன்றைக்குச் சுருள் முடி வேண்டும். கடைசித் தலையிலிருந்து ரோலரைக் கழற்றிவிட்டு, கையில் ஒட்டிய சாயத்தைக்கூடக் கழுவாமல் ஓடிவந்தேன். காலையில் மேகம் மூடியிருந்தது. மதியத்துக்குமேல் வெயில் வந்தது. வெயில் பட்டால் அது விரிந்திருக்கும். ஏழு வருஷமாக நான் காத்திருந்த மொட்டு.

கிணற்றடியில் டின் இருந்தது. டின்னில் இலை இருந்தது. இலைக்கு நடுவில் வெட்டுப்பட்ட ஒரு காம்பு இருந்தது.

"மனூசோ, இங்க இருந்த மொட்டு எங்கே?"

"எந்த மொட்டு?"

"என் வாயைக் கிளறாதே. இந்த டின்ல இருந்த மொட்டு."

அவன் எழுந்து வந்து டின்னை எட்டிப் பார்த்தான். முகம் மெல்லச் சுருங்கியது.

"பொண்ணுங்க பூவுக்கு வந்தாங்க ரோதாந்தி. எடுத்துக்கோங்க கண்ணுங்களான்னு சொன்னேன். எலுமிச்சம்பூ, ரோஜா, எல்லாம் வெட்டினாங்க. அதையும் சேர்த்து வெட்டியிருப்பாங்க போல."

"போலவா?"

"சாமிக்குத்தானே."

சாமிக்குத்தானாம்! பெரிய வெள்ளியன்று மரித்த ஏசுவைக் கிடத்தும் மரப்பாடையை ஒரு அங்குலம் விடாமல் பூவால் மூடுவது எங்கள் ஊர்ப் பெண்களின் வேலை. அதற்காக வியாழக்கிழமை பெண்பிள்ளைகள் கூடையோடு வீடு வீடாக வருவார்கள். இல்லை என்று யாரும் சொல்வதில்லை. நானும் சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் அந்த ஒரு மொட்டின் மேல் ஒரு கூடையைக் கவிழ்த்து வைத்திருப்பேன். அந்த அறிவு இவனுக்கு எங்கே போயிற்று என்று கேட்டேன். கேட்டேன் என்றால், மூன்று வீடு தள்ளிக் கேட்கிற மாதிரி கேட்டேன்.

அவன் கையில் இருந்த முட்டையைத் துடைத்துக்கொண்டே நின்றான். பாவம், அவனுக்கும் தெரியும். அந்த மொட்டு எனக்கு மட்டும் முக்கியம் இல்லை.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். கேத்ரோஸ் மலையடிவாரத்தில் எங்களுக்கு ஒரு வயல் இருக்கிறது. அதன் மேல் மூலையில், கல்லைப் பொறுக்கிக் குவித்த இடத்துக்குப் பக்கத்தில், காட்டுத் துலிப் பூக்கும். சிவப்பென்றால் அப்படி ஒரு சிவப்பு. அடியில் கறுப்புப் பொட்டு, இதழின் பின்பக்கம் கொஞ்சம் பச்சை பூசின மாதிரி. மலைக்கு மேலே சமவெளியில் இருக்கிற பக்கத்து ஊர்க்காரர்கள் வயலிலும் இருக்கிறதுதான். ஆனால் அது அவர்களுடையது. தோண்டக் கூடாது என்று சட்டமும் இருக்கிறது, காவலுக்கு அவர்களுடைய நாக்கும் இருக்கிறது. எங்கள் ஊர் எல்லைக்குள் அந்தப் பூ இருந்த ஒரே இடம் எங்கள் மூலைதான். ஏப்ரலில் ஊரே அங்கே நடந்துவந்து பார்த்துவிட்டுப் போகும். அந்த ஒரு வாரம் நான் ஒரு ராணி மாதிரி இருப்பேன், ஒளிப்பானேன்.

என் மகள் பிரசவத்துக்காக நான் கடல் தாண்டித் தெசலோனிக்கி நகரத்துக்குப் போயிருந்த வருஷம் மனூசோஸுக்கு ஒரு யோசனை வந்தது. அவன் தனியாக இருந்தால் யோசனை வரும். யாரிடமோ சட்டிக் கலப்பையை இரவல் வாங்கி, வயலை மூலைவரை ஆழமாகப் புரட்டிப் போட்டு, உருளைக்கிழங்கு நட்டான். மேலாக உழுதால்கூட அந்தத் துலிப் தாங்கும், தாங்குவதென்ன, குட்டிக் கிழங்குகள் சிதறி இன்னும் அதிகமாக முளைக்கும். ஆனால் உருளைக்குக் கோடை முழுக்கத் தண்ணீர் விட்டான். அந்தக் கிழங்குக்குக் கோடையில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஆகாது. வெயிலில் வெந்து கிடந்தால்தான் அடுத்த வருஷம் பூக்கும். மறு ஏப்ரலில் நான் போய்ப் பார்த்தபோது மூலையில் புல்தான் இருந்தது.

அன்றைக்கு நான் வயலில் உட்கார்ந்து அழுதேன். உருளைக்கிழங்கு நன்றாக விளைந்தது என்று மனூசோஸ் சொல்ல வாயெடுத்தான், என் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

என்னிடம் மிச்சம் இருந்தது கொஞ்சம் விதை மட்டும். பிரசவத்துக்குப் போவதற்கு முந்தின கோடையில் சும்மா விளையாட்டாகக் காய் இரண்டைப் பறித்து ஒரு காப்பி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அதை விதைக்கலாம் என்று இருந்தபோது பெலாகியா வந்தாள்.

பெலாகியா எனக்கு அடுத்த வீட்டுக்காரி. என் மகளுக்கு ஞானஸ்நானத் தொட்டியில் கை கொடுத்த ஞானத்தாய். அந்த உறவில் ஒருத்தியை ஒருத்தி கும்பாரா என்றுதான் கூப்பிட்டுக்கொள்வோம். அது ரத்த உறவைவிடப் பெரிது. எங்கள் மலையில் எல்லாரும் ஆட்டுத் திருடர்கள் என்று வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். கேலி என்ன, என் மாமனார் ஜெயிலுக்கே போய்வந்தவர். ஆனால் அந்தத் திருட்டிலும் ஓர் ஒழுங்கு உண்டு. கும்பாரா வீட்டு ஆட்டின் நிழலைக்கூட எவனும் தொடமாட்டான். தொட்டால் பிறகு ஊரில் அவன் முகத்தில் யாரும் விழிக்க மாட்டார்கள்.

அந்தப் பெலாகியா வீட்டு முற்றத்திலும் சிவப்புத் துலிப் உண்டு. பிரேயஸ் துறைமுகத்தில் இருக்கிற தங்கை கடையில் வாங்கி அனுப்பியது என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சின்ன வகை, இலையும் ஒல்லி, பார்க்க எங்கள் வயல் பூ மாதிரியே இருக்கும். அதுதான் எனக்கு எரிச்சல். காசு கொடுத்தால் கிடைக்கிற சாமானை வைத்துக்கொண்டு என் பூவுக்குப் போட்டியா? அவள் சுவருக்குமேல் தலையை நீட்டி, "கும்பாரா, என் துலிப் பாத்தியா?" என்று கேட்டதே இல்லை, அது வேறு விஷயம். நான்தான், "உன் கடைச் சரக்கு பூத்திருச்சா?" என்று கேட்பேன். அவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

அன்றைக்கு ஒரு காகிதப் பொட்டலத்தை என் கையில் திணித்தாள்.

"என் முற்றத்து விதை. இதையும் போடு."

"கடைப் பூவெல்லாம் எனக்கெதுக்கு?"

"ரோதாந்தி, வேண்டாம்னு மட்டும் சொல்லாதே. என் பேச்சுக்காகப் போடு."

கும்பாரா கொடுத்ததை எப்படி மறுப்பது? இரண்டு எண்ணெய் டின்னை எடுத்து அடியில் ஓட்டை போட்டு, ஒன்றில் என் விதை, ஒன்றில் அவள் விதை. குழம்பிவிடக் கூடாதே என்று பார்லர் நகப்பூச்சை எடுத்து ஒரு டின்னில் 'வயல்', இன்னொன்றில் 'பெலாகியா' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

துலிப் விதை போட்டவளுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். முதல் வருஷம் புல் மாதிரி ஓர் இலை வரும். இரண்டாவது வருஷமும் ஓர் இலை. மூன்றாவது வருஷமும் அதே ஓர் இலை, கொஞ்சம் அகலமாக. கிழங்கு ஒவ்வொரு வருஷமும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கிக்கொண்டே போகும், மேலே என்னவோ ஒன்றுமே நடக்காதது மாதிரி இருக்கும். பிள்ளை வளர்ப்பதே தேவலை, அது அழவாவது அழும்.

இரண்டாவது வருஷம் பண்டிகைக்கு மனூசோஸ் சுண்ணாம்பு அடித்தான். பாஸ்காவுக்கு முன்னால் முற்றம், படி, மரத்தடி, பூந்தொட்டி, பூ டின் எல்லாவற்றுக்கும் வெள்ளையடிக்காத வீடு எங்கள் ஊரில் இல்லை. மற்ற ஆண்கள் என்றால் ஏனோதானோ என்று அடிப்பார்கள். இவன் வேலையில் சுத்தக்காரன் இல்லையா, கம்பி பிரஷால் டின்னின் துருவையெல்லாம் சுரண்டி, துருவோடு என் நகப்பூச்சையும் சுரண்டி, மூன்று தடவை பூசி, இரண்டு டின்னையும் முட்டை மாதிரி வெள்ளையாக்கி, இடத்தையும் மாற்றி வைத்துவிட்டு, "எப்படி இருக்கு?" என்று என்னையே கேட்டான்.

அதற்கப்புறம் எது வயல், எது பெலாகியா என்று கடவுளுக்குத்தான் தெரியும். இரண்டு வருஷம் கழித்து, ஆகஸ்டில் நான் ரெதிம்னோ டவுனுக்குப் போயிருந்த நேரம், மண் காய்ந்து கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒரு டின்னுக்குத் தினம் தண்ணீர் ஊற்றினான். அது அழுகிப்போயிற்று. மிஞ்சியது ஒன்று. அந்த ஒன்றிலும் ஒரே ஒரு கிழங்கு.

அந்தக் கிழங்கு எங்கள் வயலுடையதா, பிரேயஸ் கடையுடையதா? என் வாழ்க்கையில் நான் தெரிந்துகொள்ள ஆசைப்பட்ட விஷயம் இது ஒன்றுதான் என்று சொன்னால் மிகை என்பீர்கள். சொல்லிவிட்டுப் போகிறேன். வயலுடையதானால் அதிலிருந்து விதை எடுத்து, மறுபடி மூலையில் போட்டு, நான் சாவதற்குள் நாலு பூவையாவது அங்கே பார்த்துவிடலாம். கடையுடையதானால் எங்கள் பூ முடிந்தது. மனூசோஸ் அதைப் பற்றிப் பேசமாட்டான். ஆனால் தினம் காலையில் காப்பிக் கோப்பையோடு அந்த டின் முன்னால் போய் நிற்பான், தண்ணீர்ச் சொம்பைத் தொடாமல்.

எப்படிக் கண்டுபிடிப்பது என்று, மொட்டு வந்த அந்த வருஷத் தவக்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. ரெதிம்னோவிலிருந்து தாவரப் பாடம் நடத்தும் ஒரு டீச்சர் முடிக்குச் சாயம் அடிக்க வந்தாள். சாயம் பிடிக்கிறவரை பேச்சுக் கொடுத்தேன். அவள் சொன்னாள்: "பூவுக்குள்ள மகரந்தம் தாங்கற சின்னக் காம்பு இருக்குல்ல, அதோட அடியைப் பாருங்க. நம்ம மலைத் துலிப்னா அங்க பஞ்சு மாதிரி முடி இருக்கும். கடைல விக்கற இந்தச் சின்னச் சிவப்பு வகைனா வழவழன்னு இருக்கும்."

முடி! இதைப் போய் என்னிடம் சொல்ல ஏழு வருஷமா? முப்பது வருஷமாக முடியைத் தவிர நான் வேறு எதைப் பார்த்தேன்? புருவம் எடுக்கிற பிளக்கரும் லென்ஸும் என் கைப்பையிலேயே இருக்கின்றன. அன்றைக்கே சுவரேறிப் பெலாகியாவைக் கூப்பிட்டேன்.

"கும்பாரா, உன் துலிப் பூத்ததும் ஒண்ணு குடு. காம்புல முடி இருக்கா இல்லையான்னு பாக்கணும். என்னோடது பூத்ததும் அதையும் பாத்துட்டா விஷயம் முடிஞ்சுது."

அவள் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரு கணம் கை நின்றது.

"இந்த வருஷம் பூ மொத்தத்தையும் பாடைக்கு நேர்ந்துட்டேன் ரோதாந்தி. ஒண்ணுகூடக் குடுக்க முடியாது."

"ஒரு பூவுக்கா இந்தக் கஞ்சத்தனம்?"

"நேர்ந்தது நேர்ந்ததுதான்" என்று உள்ளே போய்விட்டாள்.

போகட்டும் என்று விட்டேன். என் மொட்டு வருமே. வந்தது. வந்து, அதுவும் பாடைக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலையில் மணி ஒவ்வொன்றாக, இழவு மணியாக அடிக்க ஆரம்பித்தது. வினிகர் ஊற்றின விரதப் பருப்பை இரண்டு வாய் விழுங்கிவிட்டுக் கறுப்பு உடை மாட்டினேன். பெரிய வெள்ளியன்று ஊசி, ஆணி, கத்தரிக்கோல் எதையும் தொடக் கூடாது என்பார்கள். பிளக்கரைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை. லென்ஸையும் எடுத்துப் பையில் போட்டேன்.

"கோயில்ல சண்டை போடாதே" என்றான் மனூசோஸ்.

"நான் எங்கேயாவது சண்டை போட்டிருக்கேனா?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

கோயிலுக்குள் கால் வைத்ததும் வாசனை ஆளைத் தூக்கியது. எலுமிச்சம்பூவும் மெழுகும் சாம்பிராணியும். நடுவில் பூப்பாடை. பிள்ளைகள் நன்றாகத்தான் செய்திருந்தார்கள், குறை சொல்ல முடியாது. கூரை முழுக்க வெள்ளை, தூண்களில் ஊதா, நான்கு பக்க விளிம்பிலும் சுற்றிச் சிவப்புத் துலிப். மெழுகுவர்த்திச் சூட்டில் எல்லாத் துலிப்பும் வாயைத் திறந்து விரிந்திருந்தன. ஒரு டஜனுக்குமேல் இருக்கும். ஒன்று என்னுடையது, மற்றதெல்லாம் பெலாகியாவுடையது. எது எது என்று யாருக்குத் தெரியும்?

ஆனால் எனக்குக் கணக்கு தெளிவாக இருந்தது. பெலாகியாவுடையதெல்லாம் கடைச் சரக்கு, வழவழ. அந்தக் கூட்டத்தில் முடியுள்ள பூ ஒன்றே ஒன்று இருந்தால் அது என்னுடையது, எங்கள் வயல் பூ பிழைத்தது. ஒன்றுகூட இல்லையென்றால் முடிந்தது. பூவைப் பறிக்கக் கூடாது. ராத்திரி ஊர்வலம் முடிந்து சாமியார் கையால் கொடுக்கிறவரை பாடைப் பூவில் யாரும் கை வைக்க மாட்டார்கள். பார்க்கத் தடை இல்லையே.

வரிசையில் நின்றேன். எங்கள் வழக்கம், பாடையைக் கும்பிட்டு, குனிந்து அதன் அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போவது. என் முறை வந்தது. சிலுவை போட்டுக்கொண்டேன், சாமியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன், லென்ஸை எடுத்தேன். முதல் பூவைப் பிளக்கர் நுனியால் மெல்ல விலக்கினேன். கறுப்புப் பொட்டு. அதன் நடுவில் சின்னக் காம்புகள். அடியில், ஐயோ கடவுளே, வெண்பஞ்சு மாதிரி முடி! பச்சைக் குழந்தையின் கழுத்துப் பின்னால் இருக்குமே, அப்படிப் பூனைமுடி.

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. முதல் பூவே என்னுடையதா? இப்படி ஓர் அதிர்ஷ்டமா? கதவோரம் தொப்பியைப் பிசைந்துகொண்டு நின்ற மனூசோஸைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவன் முகம் அப்படி மலர்ந்ததை நான் அத்தனை வருஷத்தில் பார்த்ததில்லை.

அதோடு நகர்ந்திருக்கலாம். ஆனால் வேலை என்றால் முழுசாகச் செய்கிறவள் நான். பக்கத்துப் பூ வழவழப்பாக இருப்பதையும் ஒருமுறை பார்த்துவிட்டால் மனசு ஆறும் இல்லையா?

பக்கத்துப் பூவிலும் முடி.

அதற்கடுத்த பூவிலும் முடி.

"ரோதாந்தி, கும்பிட்டாச்சுன்னா நகரும்மா" என்றார் மிரோன் சாமியார்.

"இதோ சாமி, பாவம் நிறைய இருக்கு, நேரம் ஆகும்."

பின்னால் சிரிப்பு. "புருவம் எடுக்கறாளா இவ?" என்று யாரோ கேட்டது காதில் விழுந்தது. நான் குனிந்து நுழைந்து, மறுபக்கம் எழுந்து, அந்த வரிசையையும் பார்த்தேன். சுற்றி வந்து தலைமாட்டுப் பக்கம் பார்த்தேன். கால்மாட்டில் பார்த்தேன். எல்லாவற்றிலும் முடி. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் எல்லாவற்றிலும் அந்தப் பச்சைப் பூச்சு. வழவழப்பாக ஒரு பூகூட, பெயருக்கு ஒன்றுகூட, அந்தப் பாடையில் இல்லை.

நிமிர்ந்தேன். எதிர்ப்பக்கம், மெழுகுவர்த்தித் தட்டுக்குப் பக்கத்தில் பெலாகியா நின்றிருந்தாள். நான் நேற்றுச் சுருட்டிவிட்ட முடி, முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. 

போய் அவள் கையைப் பிடித்தேன். "வெளிய வா கும்பாரா."

மணிக்கூண்டுக்குக் கீழே நிறுத்தினேன். மனூசோஸ் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே ஓடிவந்தான்.

"பெலாகியா, இன்னைக்கு என்ன நாள்?"

"பெரிய வெள்ளி."

"உள்ள படுத்திருக்கறது யாரு?"

"ஐயோ ரோதாந்தி, இப்படியெல்லாம் கேக்காதே."

"அவர் கேக்கறாப்புல சொல்லு. உன் தங்கச்சி பிரேயஸ்ல இருந்து துலிப் அனுப்பினாளா?"

அவள் மணியை அண்ணாந்து பார்த்தாள். அது ஒரு அடி அடித்து ஓய்ந்தது.

"என் தங்கச்சி எனக்கு ஒரு பண்டிகைக் கார்டுகூட அனுப்பினதில்ல" என்றாள். அதோடு உடைந்துவிட்டாள். "உங்க வயல்லேர்ந்துதான் எடுத்தேன். மனூசோஸ் உழறதுக்கு ரெண்டு மூணு வருஷம் முன்னாடி. ஊரே வந்து பாக்கும், நீ நடுவுல நின்னு பெருமையா பேசிட்டு இருப்பே. எனக்கும் ஆசை இருக்காதா? கேட்டா குடுத்திருக்க மாட்டே."

"மாட்டேன்தான்."

"ஒருநாள் கீரை பறிக்கப் போனப்ப கிழங்கைத் தோண்டி ஏப்ரன்ல ஒரு கை அள்ளிட்டு வந்துட்டேன். வந்தப்புறம்தான் உறைச்சுது. கும்பாரா வயல்ல கை வெச்சுட்டேனே! ஆடு திருடறவன்கூடச் செய்யாத வேலை. எப்படிச் சொல்லுவேன்? உன் பொண்ணைத் தொட்டித் தண்ணியிலேர்ந்து தூக்கின கை இது."

"நான் வயல்ல உக்காந்து அழுதப்பகூடச் சொல்லலியே."

"அப்பதான் சொல்லவே முடியாமப் போச்சு. அதான் விதையைக் கொண்டாந்து உன் கையில திணிச்சேன். திருப்பிக் குடுத்த மாதிரி இருக்கும்னு. நீ அதைக் கடைச் சரக்குன்னு சொல்லிட்டே."

எனக்கு மண்டைக்குள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓடியது. இரண்டு டின்னிலும் ஒரே பூதான். நகப்பூச்சும் வேண்டியதில்லை, சுண்ணாம்பில் மனூசோஸ் செய்தது குற்றமும் இல்லை. நான் அழுதது, ஏங்கியது, தினம் தினம் இவனைக் குத்திப் பேசியது எல்லாம், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் ஏப்ரல் தவறாமல் பூத்துக்கொண்டிருந்த ஒரு பூவுக்காக. கோபம் வந்தது. வராமல் என்ன?  வாயைத் திறந்தேன். வெளியே வந்தது வேறு ஒன்று.

"ஏன்டி, ஒரு கைதான் அள்ளினியா?"

"என்னது?"

"மொத்தமும் அள்ளியிருக்கக் கூடாதா பாவி! மூலையையே தோண்டிக் கொண்டு போயிருக்கக் கூடாதா? திருடறதுதான் திருடினே, ஒழுங்காத் திருடத் தெரியலையே உனக்கு!"

கத்தினேன் என்றுதான் நினைக்கிறேன், கோயில் வாசலில் எல்லாத் தலையும் திரும்பியது. நான் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் அழுதாள். நான் சுருட்டிய அவள் முடி என் கண்ணீரில் நனைந்து நேராகிவிட்டது. மனூசோஸ் என்ன செய்வதென்று தெரியாமல் எங்கள் இரண்டு பேருக்கும் தன் கைக்குட்டையை நீட்டினான், ஒன்றுதான் இருந்தது.

"அப்ப பூ இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்குடா" என்றேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவனை நான் டா போட்டுக் கூப்பிட்டதில்லை. அவன் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டான்.

ஜூன் கடைசியில், இலையெல்லாம் காய்ந்த பிறகு, பெலாகியா தன் முற்றத்தைத் தோண்டினாள். கிழங்குகள் ஒரு முழத்துக்குக் கீழே போயிருந்தன. ஒரு கை அள்ளிக்கொண்டு போனது ஒரு கூடையாகப் பெருகியிருந்தது. ஒவ்வொன்றையும் லென்ஸில் பார்த்தேன், கிழங்கில் பார்க்க ஒன்றும் இல்லைதான், பார்க்க ஆசை. வயலுக்கு மூன்று பேரும் போனோம். அந்த வருஷம் உருளை இல்லை, மனூசோஸ் ஓட்ஸ் விதைத்து அறுத்திருந்தான். மூலையில் கைக்கொத்தால் அவனே குழி எடுத்தான். எடுக்கும்போது ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"தண்ணி?"

"தண்ணின்னு சொன்னே, உன்னையும் இங்கயே புதைச்சிடுவேன்."

அவன் சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு அடுத்த குழிக்குப் போனான்.

நட்டு முடிக்கப் போகும்போது கூடையில் கொஞ்சம் மீதி இருந்தது. பெலாகியாவிடம் நீட்டினேன்.

"இது உன் முற்றத்துக்கு."

அவள் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம். ஒண்ணுகூட வேண்டாம். எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டேன்னு பாவமன்னிப்புல சாமிகிட்ட சொல்லிட்டேன்."

"நான் குடுக்கறேன்டி."

"நீ குடுத்தாலும் வாங்க மாட்டேன். உன் வயல் சாமான்."

பிடிவாதக்காரி. எனக்கு மேலே. மனூசோஸ் கொத்தைத் தோளில் போட்டுக்கொண்டு எங்களையே பார்த்தான். நான் அந்தக் கல்குவியலைப் பார்த்தேன். அவனுக்கு மறுபடி ஒரு யோசனை வந்து மறுபடி சட்டிக் கலப்பையோடு வரமாட்டான் என்று என்ன நிச்சயம்? அவன் வராவிட்டால் வேறு எவனாவது வருவான். கூடையைக் கல்மேல் வைத்தேன்.

"மனூசோ, நீயும் இந்தப் பக்கம் திரும்பு" என்று சொன்னேன். நானும் அவனும் மலையைப் பார்த்துத் திரும்பி நின்றோம்.

"என்ன பண்றே?" என்றாள் பெலாகியா.

"மலையைப் பாக்கறேன். எனக்குப் பின்னால யாரு என்ன பண்ணினாலும் தெரியாது. சீக்கிரம் திருடு, வெயில் ஏறுது."

பின்னால் கல்லில் கூடை உரசியது. அப்புறம் ஏப்ரன் துணி சரசரத்தது.